மில் டீமில் லெஃப்ட் பேக்

என்னை மில்லில் வேலைக்கு எடுத்ததே பந்து விளையாடத்தான். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அப்பா வாழைத்தார் மண்டியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் அவரும் அவருடைய அப்பாவும் ஒரு பெரிய தோட்டத்தில் பண்ணையாட்கள். வேலை என்றால் சாயங்காலம் உடம்பு வலிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பந்து ஆடினாலும் வலிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதுக்கு எதுக்குக் கண்ணு அவீக சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டார்.

எனக்கும் சரியாகத் தெரியவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூரில் சில மில்கள் கால்பந்து டீம் வைத்திருந்தன. பள்ளிக்கூடத்துக்காக நான் ஆடிய ஒரு போட்டியைப் பார்த்துவிட்டு, ஒரு மில்லின் ஸ்போர்ட்ஸ் மேனேஜர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இடது காலால் உதைப்பவர்கள் குறைவு என்பதால்தான் என்னைப் பிடித்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டி மில். நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் மத்தியானம் வரை வேலை, சாயங்காலம் பிராக்டிஸ். தங்குவதற்கு மில்லின் பின்புறம் இருந்த பழைய குவார்ட்டர்ஸில் ஓர் அறை. இரண்டு இரும்புக் கட்டில். ஒன்றில் நான். மற்றதில் என் துணிகளை மடித்து வைத்தேன், ஏதோ ஒன்று அதன் மேல் இருக்கட்டும் என்று.

நான் அதுவரை தனியாக ஓர் அறையில் தூங்கியதே இல்லை. வீட்டில் ஒரே அறைதான், ஐந்து பேர் படுப்போம். மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் எங்களைப் பந்துக்காரனுக என்பார்கள். அவர்கள் முழு ஷிஃப்ட் நிற்கும்போது நாங்கள் பாதியில் கிளம்புகிறோம் என்ற கோபம் அவர்களுக்கு. அதில் தப்பொன்றும் இல்லை. டீமில் மற்றவர்கள் எல்லாரும் டவுன்காரர்கள். ஆட்டம் முடிந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டே ஓடிப்போய் காந்திபுரம் பஸ்ஸைப் பிடிப்பார்கள். அவர்கள் போன பிறகு மைதானத்தில் நானும், வலையைக் கழற்றும் வாட்ச்மேனும் இருப்போம். வாட்ச்மேனுக்குக் காது கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன். யாராவது எந்த ஊர், என்ன ஆளுகள் என்று கேட்டுவிடுவார்களோ என்று கடைசி ஜெபத்துக்கு முன்பே எழுந்து வந்துவிடுவேன். வெளியே வந்த பிறகு, யாராவது கேட்டிருக்கலாம் என்று தோன்றும். அங்கிருந்து ரோட்டோரமாகவே நடந்து மில்லுக்கு வருவேன். மேற்கே மலை முழுக்கத் தெரியும். பேச ஆள் இல்லாததால் அந்த மலையை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் சீசன் முழுக்க நான் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இடது பக்கத்தைக் காக்கும் லெஃப்ட் பேக்காக ஆடியவர் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் பெற்ற மனிதர், நல்ல ஆட்டக்காரர். அவருக்கு ஏதாவது ஆகட்டும் என்று நான் நினைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று அடிக்கும்போது, உயரத்தில் உதைத்த பந்து ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். அந்தக் காற்றில் எப்படி உதைக்க வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் வேலை முடிந்து வந்தபோது என் அறைக் கதவு திறந்திருந்தது. உயரமான ஓர் ஆப்பிரிக்கப் பையன் அந்த இன்னொரு கட்டிலின் ஓரத்தில், என் துணிகள் கசங்காமல், ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினான். "வணக்கமுங்க" என்றான்.

ஜாம்பியாவிலிருந்து வந்தவன். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தான். கல்லூரி விடுதியில் அவனுக்கு ஒத்துவரவில்லை. கல்லூரி டீமில் அவன் ஆடியதைப் பார்த்த எங்கள் மேனேஜர், கெஸ்ட் பிளேயராக மில்லுக்கு ஆடச் சொல்லி, தங்க இடமும் கொடுத்திருந்தார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அவனுடைய ஊர் தாமிரச் சுரங்கம் இருக்கும் ஊர். அங்கே சுரங்கங்கள்தான் டீம் வைத்திருக்குமாம். அவனுடைய அப்பா சுரங்கத்துக்குள் இறங்குகிறவர். இவன் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே சுரங்கத்தின் முதல் டீமில் சேர்ந்து, ஒரு சீசன் சம்பளத்துக்கு ஆடியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஊரே வரும் என்றான். பிறகு சுரங்கம் நொடித்துப்போய் ஆட்களைக் குறைத்தபோது டீமில் சின்னவர்களை முதலில் நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் படித்துப் போன அண்ணன் ஒருவன், நீயும் போய் ஒரு டிகிரி வாங்கு என்று அனுப்பிவைத்தான். இதையெல்லாம் அவன் நிதானமான ஆங்கிலத்தில் சொன்னான். என் ஆங்கிலம் பத்தாம் வகுப்பு ஆங்கிலம். பாதி புரியும், பாதியைக் கையால் சொல்லுவான்.

அவனுடைய தமிழ் முழுக்கக் கல்லூரி மெஸ் சமையல்காரரிடமிருந்து வந்தது. அதனால் அவனுக்கு மரியாதை இல்லாத தமிழே தெரியாது. தெரு நாயைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவான். ஆட்டத்தில் ரெஃப்ரி விசில் ஊதினால் பக்கத்தில் போய், "ஏனுங்க, அது ஃபவுல் இல்லீங்களே" என்பான். ரெஃப்ரிக்கே சிரிப்பு வந்துவிடும். ஆனாலும் விசில் ஊதியது ஊதியதுதான்.

மில் மெஸ் சாப்பாடும் அவனுக்கு இறங்கவில்லை. ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு கோழித் தீவனக் கடைக்குப் போனான். மக்காச்சோளம் வாங்கி, மாவு மில்லுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கோழிக்குங்களா?" என்று கேட்டார். "எனக்குங்க" என்றான் இவன். அறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து, தண்ணீர் கொதித்ததும் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிண்டினான். அவன் ஊர்ச் சாப்பாட்டை எனக்கு முதல்முறையாகக் காட்டப் போகிறான் என்ற பெருமை முகத்தில். வேகவைத்த கீரையோடு தட்டில் வைத்ததும் பார்த்தேன், அது களி. நாங்கள் ராகியிலும் சோளத்திலும் கிண்டுவது. நான் ஓர் உருண்டை பிடித்துக் குழி செய்து, கீரையைத் தொட்டு விழுங்கியதைப் பார்த்து அவன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டான். யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டான். எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் இதுதான் என்றேன். அன்றைக்கு அவன் நிறையப் பேசினான், அவன் பாஷையிலேயே சில சமயம். நான் குறுக்கிடவில்லை.

அந்தச் சீசனில் மூத்த லெஃப்ட் பேக்குக்கு முழங்கால் போய்விட்டது. நான் உள்ளே வந்தேன். சென்டர் ஃபார்வர்டு அவன். பந்து என் காலுக்கு வந்தால் நான் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. எதிர்ப் பக்கத்து பேக் இருவருக்கும் நடுவில் அவன் ஓடத் தொடங்கியிருப்பான். நீளமாக ஒன்று உதைப்பேன். எங்கள் டீம் அந்த வருடம் லீகில் நன்றாக மேலே வந்ததற்கு அதுதான் காரணம் என்று கோச் சொல்லுவார், எங்களிடம் இல்லை, மற்றவர்களிடம்.

வெளியூர் ஆட்டங்களில் கூட்டம் அவனைப் பார்த்துக் கத்தும். அவன் நிறத்தைச் சொல்லி, மிருகங்களின் பெயரைச் சொல்லி. என்ன சொல்கிறார்கள் என்று என்னிடம் கேட்பான். நன்றாக ஆடுகிறாய் என்கிறார்கள் என்பேன். அவன் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கிக் கும்பிடுவான். அவர்கள் இன்னும் கத்துவார்கள்.

அந்த வருடம் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு திருவிழாவுக்கு டோர்னமெண்ட் வைத்தார்கள். எங்கள் மில் டீமையும் கூப்பிட்டிருந்தார்கள். விழாத் தலைவர், என் அப்பாவும் தாத்தாவும் வேலை பார்த்த அதே தோட்டத்துக்காரர். அப்பா அவரைப் பண்ணாடி என்பார். மில் வேனில் நான் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆனால் என் மேல் மில்லின் பெயர் போட்ட ஜெர்சி இருந்தது, முதுகில் மூன்றாம் நம்பர் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில். வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து உள்ளே அனுப்பினார். என் முறை வந்தபோது கை பாதியில் நின்றது. முகத்தை உற்றுப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அப்பா யார் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"அட, நம்ம பண்ணையத்துல இருந்தவன் பையனா? பரவாயில்லையே. நல்லா வெளையாடோணும்" என்றார். குரலில் ஒரு கடுமையும் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. கையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

நான் படியில் கால் வைப்பதற்கு முன்னால் அவர் வீட்டு ஆள் ஒருவர் என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "தம்பி, உனக்குச் சாளையில எல போட்டிருக்குது, வா" என்றார்.

சாளை என்றால் மாட்டுக் கொட்டகையை ஒட்டித் தோட்டத்துச் சாமான்கள் வைக்கும் கூரை. பம்புசெட் குழாய்கள், உர மூட்டைகள், ஒரு பக்கம் சாய்த்து வைத்த ஏர். நடுவில் பெருக்கித் தண்ணீர் தெளித்து ஓர் இலை போட்டிருந்தார்கள். உள்ளே பரிமாறிய அதே சாப்பாடுதான். கறிக்குழம்பு இரண்டாம் தடவையும் வந்தது. பரிமாறியவர் எனக்குத் தெரிந்தவர், என் முகத்தைப் பார்க்காமலே ஊற்றினார். ஸ்போர்ட்ஸ் மேனேஜர் கை கழுவ வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு தென்னை மரத்தைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து வீட்டின் ஜன்னல் தெரிந்தது. ஜாம்பியாப் பையனை நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். வீட்டுப் பெண்கள் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார்கள். குழந்தையை அவன் மடியில் வைத்து போட்டோ எடுத்தார்கள். அவன் எல்லாருக்கும் "நன்றிங்க, போதுமுங்க" சொல்லிக்கொண்டிருந்தான். சிரிப்புச் சத்தம் சாளை வரை கேட்டது. நான் இலையை மடித்து எடுத்துப்போய்க் குப்பையில் போட்டேன்.

ஆட்டத்துக்கு அப்பா வந்திருந்தார். மண்டியிலிருந்து நேராக, தலைத்துண்டோடு. கயிறு கட்டியிருந்ததற்கு வெளியே, கார்னர் கொடி நட்ட பக்கம் நின்றார். ஆட்டம் தொடங்கும் முன் அவரிடம் போனேன்.

"சாப்டயா கண்ணு?"

"சாப்டனுங்ப்பா."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. என் ஜெர்சியின் காலரை மட்டும் சரிசெய்து விட்டார்.

இரண்டு கோலில் ஜெயித்தோம். இரண்டும் அவன் போட்டது, இரண்டும் என் காலிலிருந்து போன பந்து. கோப்பையைப் பண்ணாடி கொடுத்தார். திரும்பி வரும்போது, பாதி வழி தாண்டும் வரை அவன் அந்த வீட்டைப் பற்றியே பேசினான். குழந்தையைப் பற்றி, குழம்பைப் பற்றி. இந்தியாவில் ஒரு வீட்டுக்குள் தன்னைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டது இதுதான் முதல்முறை என்றான். உன் ஊர்க்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்றான். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து டீமில் யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். நான் வேலை முடிந்து வந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முகம் இறுகியிருந்தது.

"நீ எங்கே சாப்பிட்டாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

சொன்னேன். ஏன் என்று கேட்டான். அதை விளக்க என்னிடம் ஆங்கிலம் இல்லை. தமிழில் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை, அப்படித்தான் இருந்தது, அவ்வளவுதான். அப்பா, தாத்தா, வேலை, தோட்டம் என்று தனித்தனிச் சொற்களாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு, "நான் அங்கே சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். வேனில் அந்த வீட்டைப் புகழ்ந்தேன். நீ ஆமாம் என்றாய்" என்றான். "கூட்டம் கத்துவதும் நீ சொன்னது இல்லை, அப்படித்தானே?" என்று கேட்டான்.

நான் தலையாட்டினேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அவனுக்குக் கோபம் அந்த வீட்டுக்காரர் மேல் இருக்கும் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். என் மேல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை. அவனைக் காப்பாற்றுவதாக நான் நினைத்திருந்தேன். அவனுக்கோ, எல்லாரும் அறிந்த ஒன்றைத் தன்னிடம் மட்டும் மறைத்துத் தன்னை முட்டாளாக்கிவிட்டதாகத் தோன்றியது. ஒரே அறையில் ஒரு வாரத்துக்கு மேல் பேசாமல் இருந்தோம். மைதானத்தில் நான் உதைத்த பந்தை வாங்கிக்கொண்டு ஓடினான், திரும்பிப் பார்க்கவில்லை. அறையில் தனியாக இருந்த காலத்தைவிட அந்த நாட்கள் மோசமாக இருந்தன. ஒரு சாயங்காலம் பிராக்டிஸில் மழை பிடித்துக்கொண்டது. இருவரும் நனைந்து வந்தோம். அவனுடைய துண்டும் கொடியில் நனைந்து தொங்கியது. "துண்டு குடுங்க" என்றான். கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே, இனிமேல் சரியாக மொழிபெயர் என்றான். சரி என்றேன். அடுத்த ஆட்டத்தில் கூட்டம் கத்தியதை அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு, பந்தை வாங்கிக்கொண்டு போய் கோல் போட்டான். கையைத் தூக்கிக் கும்பிடவில்லை.

அடுத்த வருடமும் அந்தத் திருவிழாவுக்கு அழைப்பு வந்தது. மேனேஜர் மைதானத்தில் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். அவன் முதலில் கையைத் தூக்கினான். "நான் வரலீங்க" என்றான். ஏன் என்று கேட்டதற்கு, வயிற்று வலி என்றான். ஆட்டம் அடுத்த வாரம்ப்பா என்றார் மேனேஜர். "அடுத்த வாரமும் வலிக்குமுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அப்படிச் சொல்வேன் என்று அதுவரை எனக்கே தெரியாது, நானும் வரவில்லை என்றேன்.

"உங்க ஊரு ஆட்டமப்பா, நீ இல்லாட்டி எப்படி?" என்றார் மேனேஜர்.

"வேண்டாமுங்க சார்."

அவர் கையிலிருந்த அழைப்பை மடித்துப் பையில் வைத்தார். "சரி, விடு" என்றார். அதற்குப் பிறகு சில ஆட்டங்களில் என்னை வெளியே உட்கார வைத்தார்கள். காரணம் சொல்லவில்லை.

படிப்பு முடிந்ததும் அவன் ஊருக்குப் போவான் என்று நினைத்தேன். ஆனால் பாலக்காட்டுப் பக்கம் பக்கத்துக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் பந்தாட்டத்துக்கு ஆள் பிடிக்கும் ஒருவர் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார். பக்கெட், ஸ்டவ், மீதி மாவு எல்லாம் எனக்கு விட்டுப் போனான். அந்த மாவில் நான் ஒரே ஒரு தடவை களி கிண்டினேன். ஒருவருக்கு மட்டும் எவ்வளவு போடுவது என்று தெரியாமல் நிறையக் கிண்டிவிட்டேன்.

சில மாதத்தில் மில்லில் பிரச்சினை தொடங்கியது. நூல் விலை, கரண்ட், சம்பளத் தகராறு என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். ஷிஃப்டைக் குறைத்தார்கள். டீமைக் கலைத்துவிட்டோம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டவில்லை. ஒரு நாள் பிராக்டிஸுக்குப் போனால் வலை இல்லை, அவ்வளவுதான். என்னை முழு ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். முன்பு என் மேல் கோபமாக இருந்தவர்கள் இப்போது பக்கத்தில் இடம் விட்டார்கள். ஆனால் சாயங்காலம் ஆனால் என் கால் பரபரக்கும். காலி மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு வருவேன்.

ஒரு ஞாயிறு பாலக்காட்டுக்குப் போய் அவன் ஆட்டத்தைப் பார்த்தேன். அறுத்த வயலில் மூங்கில் கேலரி கட்டி ஆயிரக்கணக்கில் ஜனம். அவன் இன்னும் வேகமாகியிருந்தான், வலது முழங்காலில் கட்டு இருந்தது. ஆட்டம் முடிந்ததும் அவனைச் சுற்றிக் கூட்டம். நான் கயிற்றுக்கு வெளியே நின்று கையை ஆட்டினேன். பார்த்துவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டான். அவனைக் கூட்டிப்போகும் ஜீப் அதற்குள் ஹாரன் அடித்தது, இன்னொரு ஊரில் அடுத்த நாள் ஆட்டம். மில் டீம் எப்படி இருக்கிறது என்று கேட்டான். டீம் இல்லை என்றேன். அவன் என் தோளைப் பிடித்தபடி நின்றான். பிறகு, நீ நிறுத்திவிடாதே என்றான். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தும் என் பக்கமே பார்த்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் ஒருவரைத் தொலைத்துவிடுவது மிகச் சுலபம்.

அடுத்த கோடையில் சென்னையில் ஓர் அரசுத் துறை டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, லீவு சொல்லாமலே ரயில் ஏறினேன். மண் தரை, கடும் வெயில், தெரியாத முகங்கள். என்ன பொசிஷன் என்று கேட்டார்கள். எந்த டீம் என்று கேட்டபோது கோயமுத்தூர் என்று மட்டும் சொன்னேன். காற்றே இல்லாத அந்த மைதானத்தில் என் பந்து நான் நினைத்த இடத்துக்கே போனது. மூன்றாம் நாள் என்னை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அங்கே பல வருடங்கள் ஆடினேன்.

என்னை எடுத்த அன்று சாயங்காலம் ஒரு பூத்திலிருந்து மண்டிக்கு போன் போட்டேன். அப்பா அதுவரை போனில் பேசியதில்லை. யாரோ கூட்டிவந்து ரிசீவரைக் கையில் கொடுத்தார்கள். கவர்ன்மெண்டு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னேன்.

"என்ன வேல கண்ணு?" என்று கத்தினார்.

"அதேதானுங்ப்பா. பந்து ஆடறது."

"அப்பிடியா" என்றார். பிறகு, "அங்க சோறு ஆரு போடறாங்க?" என்று கேட்டார். கேண்டீன் இருக்கிறது, எல்லாரும் வரிசையில் நின்று வாங்கி ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம் என்றேன். ரிசீவரை எப்படி வைப்பது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, எங்கேயோ வைத்துவிட்டுப் போய்விட்டார். மண்டியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ தார் எண்ணினார்கள், ஒரு லாரி பின்னால் வந்தது. பூத்துக்காரர் கண்ணாடியைத் தட்டும் வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.